கருஞ்சாலையின் வெம்மை

நண்பகலில் சிங்கப்பூரின் சாலையொன்றைக் கடப்போர், காலடியிலிருந்து முகத்தை நோக்கி எழும் அனலை இயற்கையின் வேலை என்றே எண்ணிக்கொள்கின்றனர். நிலநடுக்கோட்டிற்கு ஒன்றரைப் பாகைத் தொலைவு கூட இல்லாத தீவில் வெயில் கடுமையாகத்தானே இருக்கும் என்பது அவர்தம் சமாதானம். வெயில் இயற்கையானது, அதில் ஐயமில்லை. ஆனால் அவ்வெயிலை வாங்கித் தன்னுள் வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்த பின்னரும் சிறுகச் சிறுக வெளிவிடுகின்ற கரிய தரை மனிதன் விரித்தது. அது வந்த காலம் தெரியும். வந்த காரணமும் தெரியும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அதனை விரித்த கைகளுள் மிகப் பல தமிழர் கைகள். ஆதலின் கருஞ்சாலை வந்த வரலாறும், அதனைக் குளிர்விக்க இன்று நடைபெறும் முயற்சிகளும் தமிழ் மாணவர்க்குத் தொலைவான செய்திகள் ஆகா.

முதலில் அடிப்படை ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். ஞாயிற்றின் ஒளி ஒரு பரப்பின்மேல் விழும்போது ஒரு பங்கு திருப்பி அனுப்பப்படுகிறது. எஞ்சியது வெப்பமாகப் பரப்பினுள் தங்குகிறது. புதிதாக இடப்பட்ட தார்த்தளம் நூற்றுக்கு 5 பங்கு ஒளியையே திருப்பி அனுப்பும். ஆண்டுகள் கடந்து வெளுத்த தார்த்தளம் 10 முதல் 15 பங்கு வரை திருப்பும். புதிய காங்கிரீட் தளமோ 35, 40 பங்கு வரை திருப்ப வல்லது. கடும் வெயிலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 பாகை செல்சியஸைத் தொட்டுவிடும். ஈரமண்ணுக்கு வேறொரு தற்காப்பும் உண்டு. அதிலுள்ள நீர் ஆவியாகும்போது வெப்பத்தைத் தன்னோடு எடுத்துச் சென்றுவிடுகிறது. மாலையில் முற்றத்தில் நீர் தெளித்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்த நம் முன்னோர் இதனை நூல் கற்று அறிந்தவரல்லர், உடம்பால் அறிந்தவர்கள். நீர் புகாத தார்த்தளத்தில் மழை விழுந்த சில நாழிகைக்குள் ஓடிவிடுகிறது. ஒளியைத் திருப்பி அனுப்பவும் ஈரத்தைத் தாங்கவும் இயலாத அத்தளம் வெப்பத்தைச் சேர்த்து வைக்கிறது.

நகரம் பிறந்த காலத்தில் நிலைமை இவ்வாறு இருக்கவில்லை. 1822ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் நகரக் குழுவுக்கு விடுத்த கட்டளைகளுள் ஒன்று, செங்கல்லாலோ ஓட்டாலோ கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் முன்னும் எக்காலத்தும் திறந்திருக்கும் நடை ஒன்று இருத்தல் வேண்டும் என்பது. தெருவின் இருபுறமும் அது தொடர்ச்சியாக, கூரை வேய்ந்த வழியாக அமைதல் வேண்டும் என்றும் அவர் பணித்தார். மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றும் தமிழர் 'அஞ்சடி' என்றும் அழைப்பது இதனையே. அகலம் எங்கும் சரியாக ஐந்தடி இருப்பதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தன. அதன் பின்னர்ப் பிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லும் ஓடும் கொண்டே கட்ட வேண்டும் என 1884 முதல் வற்புறுத்தியபோது, அந்நகரத்துக் கடைத்தெருக்களிலும் அஞ்சடி பரவிற்று.

நடப்பவர்க்கு நிழல் தருவதைச் சட்டமாகவே வைத்த ஏற்பாடு இது. எனினும் சட்டம் ஒரு பக்கம், வாழ்க்கை ஒரு பக்கம். கடைக்காரர்கள் தம் சரக்குகளை அஞ்சடியில் பரப்பினர். முடிதிருத்துவோரும் குறி சொல்வோரும் அங்கேயே தொழில் நடத்தினர். நகராட்சி அவற்றை அகற்ற முனைந்தபோது, 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் கடைகள் அடைக்கப்பட்டுக் கலகமே மூண்டது. நிழலான ஐந்தடி இடம் அக்காலத்து மக்களுக்கு எத்துணை மதிப்புடையதாக இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

அஞ்சடிக்கு வெளியே வெயிலில் நின்றோர் யாவர்? 1825ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் பென்கூலனிலிருந்து சென்னை மாகாணத்துக் கைதிகள் எண்பதின்மர் சிங்கப்பூரில் இறக்கப்பட்டனர். அடுத்து வங்காளத்துக் கைதிகள் 122 பேர் வந்தனர். அன்று தொடங்கிய கைதிக் குடியிருப்பு 1873 வரை நீடித்தது. தீவின் பெருவழிகள் பலவற்றை வெட்டியவர்கள் இக்கைதிகளே. உபின் தீவில் கருங்கல் உடைத்தவர்களும், சிராங்கூன் சாலைச் சூளையில் செங்கல் சுட்டவர்களும், பவளப்பாறையை எரித்துச் சுண்ணாம்பு எடுத்தவர்களும் அவர்களே. கைதிகளின் மேற்பார்வையாளராக இருந்த மக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் இவ்வேலைகளை விரிவாக எழுதியுள்ளார். அவர்கள் எழுப்பிய புனித ஆண்ட்ரூ பேராலயத்தின் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது சென்னைச் சாந்து. மணல் சேராத சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவும் கருப்பட்டி போன்ற வெல்லமும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்து அது. காய்ந்தபின் கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவர். தமிழகத்துக் கொத்தனாரின் கைத்திறன் கடல் கடந்து வந்து, வெள்ளைக்காரரின் தொழுகைக் கூடத்தில் வெண்மையாய் ஒளிர்ந்தது. வீட்டுச் சுவருக்கும் மாடித்தளத்திற்கும் வெள்ளை பூசி வெப்பத்தைத் தள்ளிய அறிவு நம்மவரிடம் பழமையானது. சாலைக்கு அவ்வறிவைச் செலுத்த வேண்டிய தேவை மட்டும் அன்று எழவில்லை.

ஏனெனில் அன்றைய சாலை சிவப்பு நிறம். மலாயாவில் எளிதில் கிடைத்த செம்புரைக்கல்லே சாலைக்குப் போடப்பட்டது. வெட்டும்போது மென்மையாகவும் காற்றுப்பட்டபின் இறுகுவதாகவும் உள்ள இக்கல்லுக்கு, மலபாரில் அதனைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807இல் இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லிலிருந்து பெயர் சூட்டினார். மலாக்காவின் பழங்கோட்டை அக்கல்லால் ஆனதே. வண்டிகள் மிகுந்த வழிகளுக்கு ஸ்காட்லாந்துக்காரரான ஜான் மெக்காடத்தின் முறை வந்தது. 1816இல் பிரிஸ்டல் வட்டாரச் சாலைகளின் பொறுப்பை ஏற்ற அவர், பெருங்கல் அடித்தளம் வேண்டியதில்லை என்றார். கையால் உடைத்த சிறு கற்களை ஒரே அளவில் பரப்பி, நீர் வடிய வழி செய்துவிட்டால், செல்லும் வண்டிகளின் இரும்புப் பட்டையே அவற்றை இறுக்கிவிடும் என்று காட்டினார். கல்லிடுக்கில் பொடியும் ஈரமும் தங்கிப் பிணைப்பாய் நின்றன. இத்தகைய சாலை வெயிலில் சுட்டது. ஆயினும் தார் சுடுவதுபோல் சுடவில்லை.

இதனைக் கொண்டு பழைய சாலையைப் பொற்காலமாக்கிவிடுதல் கூடாது. மழை பெய்தால் சேறு. வெயில் காய்ந்தால் புழுதி. குதிரைச் சாணமும் மாட்டுச் சாணமும் உலர்ந்து பொடியாகிக் காற்றோடு வீட்டினுள் புகுந்தன. தண்ணீர் சுமந்த மாட்டுவண்டியின் பெயரே சீனர் வட்டாரம் ஒன்றுக்குக் 'கிரேத்தா ஆயர்' என நிலைத்திருக்கிறது. நகரங்களில் புழுதியை அடக்க நாள்தோறும் சாலைக்கு நீர் தெளிக்க வேண்டியிருந்தது. தெளித்த நீர் தரையைக் குளிர்வித்தது என்பது கேட்காமல் கிடைத்த நன்மை. புழுதி ஒழிந்தபோது நீர் தெளிப்பும் ஒழிந்தது.

புழுதியை ஒழித்த கதை விரிவாகச் சொல்லத் தக்கது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் ஐரோப்பியச் சாலைகளில் பெருகின. மெக்காடத்தின் சாலையை இரும்புப் பட்டைகள் இறுக்கின. வேகமாகச் சுழலும் இரப்பர்ச் சக்கரங்களோ கல்லிடுக்கின் பொடியை உறிஞ்சி வெளியே வீசின. கல் தளர்ந்தது, சாலை கலைந்தது, ஊரெங்கும் புழுதிப் படலம். நோயாளிகள் ஓய்வுக்கு வரும் மொனாக்கோவில் இது பெருந்தொல்லை ஆயிற்று. சுவிட்சர்லாந்தின் பிரிக் நகரைச் சேர்ந்த எர்னஸ்ட் குக்லியெல்மினெட்டி என்னும் மருத்துவர் அங்கே இருந்தார். அவர் முன்னர் டச்சுக்காரர் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில் மருத்துவப் பணி புரிந்தவர். அத்தீவுகளின் மருத்துவமனைகளில் தரைக்குத் தார் பூசும் வழக்கம் அவர் நினைவுக்கு வந்தது என்பர். 1902இல் மொனாக்கோச் சாலையொன்றின் சிறு பகுதியில், எரிவாயுத் தொழிற்சாலையின் கழிவாகக் கிடைத்த நிலக்கரித் தாரைச் சூடாக்கிப் பூசச் செய்தார். புழுதி அடங்கிற்று. மக்கள் அவரை 'டாக்டர் தார்' என்றே அழைக்கலாயினர். மலாய்த் தீவுக்கூட்டத்தில் ஒருவர் கண்ட வழக்கம் ஐரோப்பா சென்று, சாலைத் தொழில்நுட்பமாகி, மீண்டும் இப்பகுதிக்கே திரும்பி வந்தது விந்தையே.

அதே காலத்தில் இங்கிலாந்திலும் ஒரு தற்செயல் நிகழ்ந்தது. இரும்பாலை ஒன்றனருகே சாலையில் தார்ப்பீப்பாய் கவிழ்ந்து கிடந்ததையும், அதன்மேல் யாரோ உலைக்கசடைக் கொட்டி மூடியதால் அவ்விடம் மட்டும் புழுதியின்றி உறுதியாக இருந்ததையும் நாட்டிங்ஹாம் மாவட்டப் பொறியாளர் பர்னல் ஹூலி 1901இல் கண்டார். அடுத்த ஆண்டே உலைக்கசடையும் தாரையும் கலக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் நிலக்கரித் தாரின் இடத்தைப் பெட்ரோலியத்தை வடித்தபின் எஞ்சும் பிட்டுமன் பிடித்துக்கொண்டது. தமிழில் இரண்டையும் 'தார்' என்றே வழங்குகிறோம்.

இங்கே கருத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. தார் வந்தது ஒரு மருத்துவரின் கையால், உடல்நலத்தின் பெயரால். புழுதி நுரையீரலுக்குக் கேடு. தார் அதனைத் தடுத்தது. ஆனால் கணக்கிடப்பட்டவை புழுதி, சேறு, வேகம், செலவு ஆகிய நான்கே. வெப்பம் அக்கணக்கில் இடம்பெறவில்லை. குளிர்நாட்டில் பிறந்த தொழில்நுட்பம் ஆதலின் அங்கே அதனைக் கேட்பதற்குக் காரணமும் இல்லை. அதே தார், உச்சி வெயில் நேரே தலைமேல் இறங்கும் நாட்டிற்கு மாற்றமின்றி வந்து சேர்ந்தது.

மலாயாவில் தார்ச்சாலை பரவிய காலமும் இரப்பர் பரவிய காலமும் ஒன்றே. இதுவும் தற்செயல் அன்று. மோட்டார் வண்டிக்குச் சக்கரம் வேண்டும். சக்கரத்திற்கு இரப்பர் வேண்டும். ஓடுவதற்குப் புழுதியற்ற சாலை வேண்டும். ஒரே வண்டி, தமிழனைத் தோட்டத்தில் பால் வெட்டவும் வைத்தது. சாலையில் தார் ஊற்றவும் வைத்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. அதன் வழியாகவும் கங்காணிகள் வழியாகவும் கப்பலேறி வந்தோர் தோட்டங்களுக்கு மட்டும் செல்லவில்லை. இரயில்வேயும் நகராட்சிகளும் பொதுப்பணி இலாகாவும் அவர்களைச் சேர்த்துக்கொண்டன. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை இவ்வரவு, ஏற்றத் தாழ்வுகளோடு, தொடர்ந்தது. தோட்டத் தமிழரைப் பற்றிக் கதைகளும் கவிதைகளும் நிறையவே எழுந்துள்ளன. சாலைத் தமிழரைப் பற்றிய எழுத்து அந்த அளவுக்கு இல்லை என்பது வருந்தத்தக்கது.

அவ்வேலையின் தன்மையைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். பீப்பாயிலுள்ள தாரை விறகு மூட்டி உருக்க வேண்டும். அது ஊற்றும் பதத்திற்கு வரும்போது கொதிநீரினும் பன்மடங்கு சுடும். தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், உரிக்கவும் இயலாது. கூட்டிப் பெருக்கிய கல்தளத்தின்மேல் அதனை வாளியால் ஊற்றி, நீண்ட பிடியுள்ள துடைப்பத்தால் தேய்த்து, உடனே மேலே சிறுசல்லியைத் தூவி, உருளை கொண்டு அழுத்துவர். மேலே வெயில், கீழே தார், நடுவே மனிதன். தலையில் ஒரு துண்டு, காலில் சாக்குத்துணி. பணி முடிந்த சாலையில் வண்டிகள் வழுக்கிக்கொண்டு சென்றன. அஞ்சடியின் நிழல் நடப்பவர்க்கென வகுக்கப்பட்டது. சாலை போடுபவர்க்கு நிழல் என எதுவும் வகுக்கப்படவில்லை.

நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடானது என்னும் உண்மையை முதலில் அளந்து கூறியவர் இலண்டனில் மருந்து செய்து விற்ற லூக் ஹோவர்டு. 1818, 1820 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது இலண்டன் தட்பவெப்ப நூல், நகரத்தின் இரவு நாட்டுப்புறத்து இரவைவிட ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வெம்மை மிக்கது என்று காட்டிற்று. பகலில் வேறுபாடு மிகச் சிறிது. இரவே நகர வெப்பத்தின் காலம் என்னும் இக்கருத்து இன்றளவும் மாறவில்லை. சிங்கப்பூரில் நியூவோல்ட் என்னும் புவியியலாளர் 1966இல் வெளியிட்ட ஆய்வு, நகரின் நடுப்பகுதி விமான நிலையத்தைவிட 3 பாகைக்கும் மேலாகச் சூடேறுவதைக் காட்டியது. கோலாலம்பூரில் பேராசிரியர் ஷாம் சானி 1970களிலிருந்து தொடர்ந்து அளந்தார். கடைத்தெரு நெருங்கிய மையம் சூடாகவும், பூங்காக்கள் குளிர்ந்தும் இருந்தன. வின்ஸ்டன் சௌ, மத்தியாஸ் ரோத் ஆகிய இருவரும் 2006இல் வெளியிட்ட சிங்கப்பூர் ஆய்வில், இரவு ஒன்பது மணியளவில் ஆர்ச்சர்டு சாலைக்கும் தீவின் பசுமைப் பகுதிக்கும் உள்ள வேறுபாடு உச்சமாக 7 பாகையைத் தொட்டது. ஒரே தீவில், ஒரே இரவில், 7 பாகை! வெப்பத்தை இயற்கை என்று சொல்லிக் கைகழுவ முடியாது என்பதற்கு இந்த எண்ணே போதும். இதற்குச் சாலை மட்டும் பொறுப்பன்று. உயர்ந்த கட்டடங்கள், அவற்றிடையே சிக்கும் காற்று, குளிர்சாதனங்கள் வெளியே தள்ளும் அனல், வண்டிகளின் புகை ஆகிய யாவும் பங்காளிகள். அவற்றுள் கால் படுவது சாலை ஒன்றே.

அளந்து பார்க்கும் முன்னரே மருந்து ஒன்று கைக்கு வந்துவிட்டது. 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பாரர் வட்டத்தில் லீ குவான் யூ மரக்கன்று ஒன்றை நட்டார். 1967இல் பூந்தோட்ட நகரத் திட்டம் அறிவிக்கப்பட்டது. சாலையோரங்களில் பெருமளவில் நடப்பட்ட மரங்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று, சங்கப் பாடல்களில் பொன்னிறப் பூவோடு வரும் வேங்கையின் உறவுமரமான அங்சானா. மற்றொன்று, 1876இல் தென்னமெரிக்காவிலிருந்து இத்தீவுக்கு வந்த தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலை மூடுவதால் தமிழர் அப்பெயரிட்டனர். மலாய்க்காரர் அதே காரணத்தால் 'ஐந்து மணி மரம்' என்னும் பொருளில் 'புக்குல் லீமா' என்றனர். காக்கி லீமாவும் புக்குல் லீமாவும், ஆக இரண்டு ஐந்துகள், இந்நகரத்தை வெயிலிலிருந்து காத்தன எனலாம். தூங்குமூஞ்சியின் பண்பு சாலைக்கு மிகவும் ஏற்றது. பகலில் குடைபோல் விரிந்து தார்மேல் வெயில் படாமல் தடுக்கிறது. இரவில் இலையை மூடிக்கொண்டு, தரை வாங்கிய வெம்மை வானை நோக்கிச் செல்ல வழி விடுகிறது.

ஆயினும் எல்லாச் சாலையிலும் மரம் வைக்க இடமில்லை. அகலமான நெடுஞ்சாலையின் நடுப்பகுதிக்கும், சரக்குந்துகள் திரும்பும் தொழிற்பேட்டைக்கும், வண்டி நிறுத்தும் வெளிக்கும் நிழல் எட்டுவதில்லை. அங்கேதான் தளத்தையே மாற்றும் எண்ணம் நுழைகிறது. 1980களில் கலிபோர்னியாவின் லாரன்சு பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், ஆர்தர் ரோசன்பெல்டு போன்றோரின் தூண்டுதலால், நகர வெப்பத்தை ஆராயும் குழு ஒன்று தோன்றிற்று. வெளிர்நிறக் கூரை, வெளிர்நிறத் தளம், நிழல்மரம் ஆகிய மூன்றையும் அக்குழு சேர்த்தே பேசியது. பின்னர் வந்தவர்கள் மூன்றையும் பிரித்து, எளிதில் பூசக்கூடிய ஒன்றை மட்டும் கையில் எடுத்துக்கொண்டனரோ என ஐயுற இடமுண்டு.

ஜப்பானியர்க்குக் கோடையில் வாசலில் நீர் தெளிக்கும் 'உச்சிமிசு' என்னும் வழக்கம் உண்டு. டோக்கியோ நகர அரசு இரு வகைத் தளங்களை இட்டது. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிர்களைத் திருப்பி அனுப்பும் பூச்சு; மேற்பரப்பின் வெப்பத்தை 8 பாகை வரை குறைப்பது. மற்றொன்று, மழைநீரைத் தன்னுள் தேக்கி வைத்து ஆவியாக விடும் தளம். 10 பாகை வரை குறைப்பது. ஒலிம்பிக் போட்டியை எதிர்நோக்கி நூறு கிலோமீட்டருக்கும் மேலான சாலைகள் இவ்வாறு மாற்றப்பட்டன. எனினும் 2019 அக்டோபரில், நெடுந்தொலைவு மாரத்தான் ஓட்டம் வெப்பத்திற்கு அஞ்சி வடக்கே சப்போரோவுக்கு மாற்றப்பட்டது. அதே ஆண்டில் கத்தார் நாட்டின் தோஹாவில், பழஞ்சந்தையான சூக் வாகிப்பின் அருகே 200 மீட்டர் சாலைக்கு நீல வண்ணம் பூசிப் பார்த்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ் 2017 முதல் தெருக்களுக்குச் சாம்பல் நிறப் பூச்சு இட்டது.

அரிசோனாவின் பீனிக்ஸ் நகரத்துச் சோதனையே யாவற்றினும் பாடம் மிக்கது. 2020இல் அந்நகரம் குடியிருப்புத் தெருக்கள் பலவற்றுக்கு வெளிர்நிறப் பூச்சு இட, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் அளந்து 2021இல் முடிவை வெளியிட்டனர். நண்பகலில் பூசிய தளம் பூசாத தாரைவிட ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் குளிர்ந்திருந்தது. இரவுக் காற்று மிகச் சிறிதளவே, ஒரு பாகையில் மூன்றில் ஒரு பங்கு போல, குளிர்ந்தது. இதுவரை நற்செய்தி. ஆனால் அத்தெருவில் நடக்கும் மனிதன் மேல் நண்பகலிலும் பிற்பகலிலும் விழும் கதிர்வெப்பம், பூசாத தெருவில் உள்ளதைவிட ஏறத்தாழ 3 பாகை மிகுந்திருந்தது. தளம் ஏற்க மறுத்த ஒளி எங்கே செல்லும்? தெருவில் நிற்பவன் மீதும் விழத்தான் செய்யும். தளம் குளிர்ந்தது, நடப்பவன் சூடேறினான். காங்கிரீட் நடைபாதையில் நடப்பவன் படும் பாடும் இதுவே என்று ஆய்வாளர்கள் நேர்மையோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

இம்முடிவைக் கண்டு குளிர்தளங்களைப் பயனற்றவை என ஒதுக்கிவிடுவதும் அவசரமாகும். சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிற்பேட்டை ஒன்றில், சாலைக்கு மட்டுமின்றிக் கூரைக்கும் சுவருக்கும் சேர்த்துக் குளிர்பூச்சு இட்டு, அருகிலுள்ள பூசாத பகுதியோடு ஒப்பிட்டு, 2024இல் முடிவை வெளியிட்டனர். உச்சி வெயில் நேரத்தில் காற்றின் வெப்பம் 2 பாகை வரை குறைந்தது. நடப்பவர் உணரும் வெம்மையும் 1.5 பாகை வரை தணிந்தது. பீனிக்ஸுக்கு மாறான விளைவு. காரணம் காண்பது கடினமன்று. சாலை திருப்பிய ஒளி சுவரில் பட்டால், அச்சுவரும் அதனை ஏற்காமல் வான் நோக்கித் திருப்ப வேண்டும். சாலை ஒன்றை மட்டும் வெளிறச் செய்தால் சுவரும் மனிதனும் அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்வர். முற்றும் பூசுவதற்கு ஆகும் செலவு வேறு பேச்சு.

ஈரநாட்டிற்கே உரிய தொல்லைகளும் உள்ளன. வெளிர்ந்த பரப்பில் சக்கரத்தின் கருமையும் எண்ணெயும் விரைவில் படியும். நிழலான இடத்தில் பாசி படரும். பூச்சு தேய்ந்தால் மீண்டும் இட வேண்டும். மழைக்காலச் சாலையில் வழுக்கல் கூடாது. வெயில்காலச் சாலையில் கண்கூச்சம் கூடாது. நீர் தேக்கும் தளத்திற்கு நாள்தோறும் பெய்யும் மழை நல்ல துணை. ஆனால் அதன் நுண்துளைகள் மண்ணால் அடைபட்டால் பயன் கெடும், கனத்த வண்டிகளையும் அது எளிதில் தாங்காது. ஆகவே வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, பள்ளி முற்றம், சந்தைவெளி போன்றவற்றிற்கே அது தகும். ஓட்டையிட்ட காங்கிரீட் கட்டைகளின் நடுவே புல் வளரும் வண்டி நிறுத்தங்கள் இந்நாட்டில் புதியவை அல்ல. செம்மண் சாலை ஈரத்தால் செய்த வேலையைத்தான் அப்புல்லும் அந்நுண்துளைத் தளமும் செய்கின்றன.

மேற்கண்டவற்றை நோக்கின், நடப்பவர்க்கு நிழலே முதல் மருந்து; நிழல் எட்டாத இடத்திற்கே வெளிர்தளம் ஏற்றது. ஒளியை உடம்பின் மேல் வீசாத இடமாகவும் அது இருத்தல் வேண்டும். அரசுகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கினால், வானிலிருந்து எடுத்த வெப்பப் படத்தில் சாலை நீலமாகத் தெரியும். தெருவில் நடக்கும் மூதாட்டியின் நெற்றி வியர்வை அப்படத்தில் தெரியாது.

சாலை போடுபவனின் வியர்வையும் அவ்வாறே. இன்றும் சிங்கப்பூரின் கட்டுமானப் பணியிலும் சாலைப்பணியிலும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களும் வங்காளதேசத்தாரும் பெருமளவில் உள்ளனர். விறகடுப்பும் வாளியும் போய்விட்டன. பொறிகள் தார்க்கலவையை விரிக்கின்றன. ஆனால் அக்கலவை வந்து இறங்கும்போது 150 பாகை அளவில் கொதிக்கிறது என்பதும், அதனருகே மண்வாரியோடு ஆள் நிற்க வேண்டும் என்பதும் மாறவில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் மனிதவள அமைச்சு வெளிப்புறத் தொழிலாளர்க்கென வெப்ப விதிகளை வகுத்தது. ஈரக்குமிழ்க் கோள வெப்ப அளவு 32 பாகையை எட்டினால், கடும் உடலுழைப்புச் செய்வோர்க்கு மணிக்குப் பத்து நிமிடமேனும் நிழலில் ஓய்வு தரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

அவ்வளவைக் காட்டும் கருவியில் மூன்று வெப்பமானிகள் உள்ளன. ஒன்று காற்றின் வெப்பத்தைக் காட்டும். ஈரத்துணி சுற்றிய மற்றொன்று, வியர்வை எவ்வளவு உலரக்கூடும் என்பதைக் காட்டும். மூன்றாவது, மெல்லிய செம்பாலான உருண்டை ஒன்றனுள் இருக்கிறது. வெயிலிலிருந்தும் சுவரிலிருந்தும் சாலையிலிருந்தும் வரும் கதிர்வெப்பத்தை அது வாங்குகிறது. முழுதும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவ்வுருண்டைக்குக் கருப்பு வண்ணம் பூசியிருக்கிறார்கள்.